மீன்களுக்கு விற்ற குடைகள்

குளத்தின் அடியில், வெயில் பச்சையாக இறங்கும் இடத்தில், மீன்குஞ்சுகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அதன் கோரைத்தண்டு வேலியில் பெரிய ஓட்டை. அவ்வப்போது அது வழியாகக் கொக்கின் அலகு உள்ளே வரும். வகுப்பில் ஒரு குஞ்சு குறையும்.

ஓட்டையை அடைக்கத் தண்டு வேண்டும். அதற்காகக் கெளுத்தி டீச்சர் ஒவ்வொரு குஞ்சிடமும் ஐந்து குடைகளைக் கொடுத்து, விற்றுவரச் சொன்னார். குடை ஒன்றுக்கு ஒரு தண்டு விலை. கிடைக்கும் ஐந்து தண்டில் நான்கைக் குடை வியாபாரி நண்டு எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது பாதி ஓட்டைக்குக்கூடக் காணாது.

வீடுகளில் குடைகள் குவிந்தன. சில தாமாகவே விரிந்து, பூக்கள்போல நீரில் அலைந்தன.

ஒருநாள் கெண்டையம்மா பள்ளிக்கே வந்துவிட்டாள். "டீச்சர், எங்க வீட்ல பதினோரு குடை இருக்கு. நாங்க இன்னும் நனைஞ்சுகிட்டுத்தான் இருக்கோம். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"தண்டுதாம்மா. சும்மா கேட்டா கையேந்துற மாதிரி இருக்குமேன்னு..."

"உள்ள படிக்கிறது எம்புள்ள, டீச்சர்."

சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு ஒன்றும் இரண்டுமாகத் தண்டுகள் மிதந்து வந்தன. தண்டு இல்லாத அயிரைகள் உட்கார்ந்து வேலியைப் பின்னின.

மறுநாள் புதுக் குடைகளோடு நண்டு வந்தது. வேலியைச் சுற்றிச் சுற்றித் தேடியது. அது எப்போதும் நுழைகிற ஓட்டையைக் காணவில்லை.