நடத்திவைக்க ஓர் ஆள்

ஜோடி ஐந்து வருஷமாவது சேர்ந்து வாழாவிட்டால், கல்யாணத்தை நடத்திவைத்தவரின் உரிமம் பறிபோகும். ஆகவே இருவர் ரத்தத்தையும் கருவியில் சோதித்துவிட்டுத்தான் யாரும் தலையாட்டுவார்கள். மறுத்தால் காரணம் சொல்லக் கூடாது, சட்டம் அப்படி.

நறுமுகைக்கும் எழிலனுக்கும் ஆறு பேர் கையை விரித்துவிட்டார்கள்.

"நாங்க சண்டைகூடப் போட்டதில்லைங்க," என்று ஏழாவதாகப் பார்த்த அம்மாளிடம் நறுமுகை அழாக்குறையாகச் சொன்னாள்.

அந்த அம்மாள் கருவியைப் பார்த்தார். பிறகு எழிலனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நடத்திவைக்கிறேன்மா. உரிமம் போனாப் போகட்டும்."

நறுமுகைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "தை மாசம் வச்சுக்கலாமாம்மா?"

"அவ்வளவு நாள் வேணாம். இந்த வெள்ளிக்கிழமையே வச்சுக்கலாம்."

"அப்படி என்னம்மா அவசரம்?" என்று எழிலன் சிரித்தான்.

நறுமுகையால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.