வெள்ளைக் காலுறை

மறுபடியும் அம்மா அதைக் கழற்றி, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இறுக்கமான அந்த வெள்ளைக் காலுறை காலில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ரத்தம் காலில் உறையலாம், உறைந்தது நகர்ந்து போய் நுரையீரலை அடைக்கலாம். வயிற்றில் ஊசி போடுகிறார்கள்தான். ஆனால் எழுந்து நடக்க மாட்டேன் என்பவளுக்கு அது மட்டும் போதாது என்றாள் நர்ஸ் சில்யே.

காபி தண்ணீராக இருக்கிறது என்று அம்மா அவளுக்குப் பதில் சொன்னாள்.

அவள் கழற்றுவதன் காரணம் எனக்குத் தெரியும். தெலெமார்க்கில், எங்கள் மலைப்பக்கத்தில், கல்யாணப் பெண் தனக்கும் மாப்பிள்ளைக்கும் வெள்ளைக் கம்பளிக் காலுறை பின்னுவாள். அன்று ஒருநாள் அணிந்து, துவைத்து, பெட்டியில் வைத்துவிடுவார்கள். அடுத்து அதைப் போடுவது சவப்பெட்டியில். போட்டுவிடுவது மற்றவர்கள்.

"நான் இன்னும் போகலடி. அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

சாம்பல் நிறத்தில் கிடைக்குமா என்று சில்யேயிடம் கேட்டுப் பார்த்தேன். இல்லை.

அவளை இணங்கவைக்க மிச்சமிருந்தது அப்பாவின் கதைதான்.

நான்கு வருடங்களுக்கு முன், இதே ஆஸ்பத்திரியில், குடல் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து, வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய காலையில் இறந்துபோனார். காலில் உறைந்த ரத்தம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். எல்லாம் செய்தும் எப்படி என்று அவருக்கே விளங்கவில்லை. அம்மாவிடம் நான் மாரடைப்பு என்று சொல்லிவைத்தேன்.

இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பயந்தாவது போட்டுக்கொள்வாள்.

அப்பாவுக்கும் இதே மாதிரி, என்று ஆரம்பித்தேன்.

அம்மாவின் முகம் இளகிவிட்டது.

"ஆமா, அவருக்கும் மாட்டிவிட்டிருந்தாளுங்க. நர்ஸு அந்தப் பக்கம் போனதும் நாந்தான் உருவிவிடுவேன். அப்பாடான்னு விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பாரு, பாவம். கடைசியிலயாவது கால் சுகமா இருந்துச்சு அவருக்கு."

காலுறை என் கையில் இருந்தது.

சில்யே கதவருகே வந்து, ஒப்புக்கொண்டாளா என்று கண்ணால் கேட்டாள்.

நான் போர்வைக்குள் கைவிட்டேன். அம்மாவின் பாதம் சில்லிட்டிருந்தது. ரத்தம் ஓடட்டும் என்று அதை மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன். இதை மட்டும் மறுக்காமல் செய்தாள், சமர்த்தாக.

"அப்பாவைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் கொஞ்சம் அசை."