விருப்பமிருந்தால் கைகளை உயர்த்தலாம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியிலிருந்த யோகா கூடத்தில், குமுதா தன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான்கு மாதத்துக்குப் பிறகு இவ்வளவு அருகில்.

தாமரைக்குப் பதினைந்து வயது. அப்பா இறந்த பிறகு அவளுக்குப் பேச்சு குறைந்தது, தூக்கம் போனது. ஒரு நாள் துணிப்பையோடு பெட்டாலிங் ஜெயாவுக்கு, அத்தை வீட்டுக்குப் போனவள் கிள்ளானில் இருந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

அப்பா போன துக்கம் என்றார்கள் எல்லோரும். குமுதாவும் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொன்னாள்.

மனம் காயப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நடக்கும் இந்த ஞாயிறு வகுப்பில் அத்தைதான் சேர்த்துவிட்டிருந்தாள். இன்று மட்டும் அம்மாக்களும் வரலாம்.

முடிந்ததும், ‘வீட்டுக்கு வந்துடு’ என்று கேட்டுவிட வேண்டும். ரயிலில் வரும்போது அதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள் குமுதா. மகளின் கட்டிலுக்குப் புது விரிப்புகூடப் போட்டாயிற்று.

சுபா டீச்சர் யாரையும் தொடவில்லை. யாரையும் கண்ணை மூடச் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு ‘விருப்பமிருந்தா’ சேர்த்துக்கொண்டாள்.

“மூச்ச வெளிய விடுங்கம்மா, பிடிச்சு வெச்சிக்கிட்டே இருக்கீங்க லா!” என்று பின்வரிசைப் பெண்ணொருத்தி தன் அம்மாவைக் கிண்டலடிக்க, கூடமே சிரித்தது.

தாமரையும் சிரித்தாள்.

கேட்டால் வந்துவிடுவாள் என்று குமுதாவுக்குத் தோன்றியது.

“விருப்பமிருந்தா, ரெண்டு கையையும் மேல தூக்கலாம்.”

எல்லோரும் தூக்கினார்கள். குமுதாவும் தூக்கினாள். வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து ஒன்றோடொன்று மோதின.

தாமரை சுருண்டுவிட்டாள்.

முழங்கால்கள் மார்போடு ஒட்டியிருந்தன. இரண்டு கைகளும் பின்தலையை மூடியிருந்தன.

குமுதாவுக்கு அந்தக் கோலம் தெரியும். சமையலறை மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், அதை மேலே நின்று பார்த்திருக்கிறாள். கையில் பிரம்போடு. மதிப்பெண்ணுக்காக, கழுவாத தட்டுக்காக, சில நாள் எதற்கென்றே தெரியாமல்.

அப்பா இருந்தவரை நடுவில் வந்து நின்று பிரம்பைப் பிடுங்கிக்கொள்வார். அவர் போன பிறகு பிடுங்க ஆளில்லை.

உயர்ந்த கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வளையல் ஒலிக்காமல், மெல்ல, மடிக்கு இறக்கினாள்.

சுபா டீச்சர் சற்றுத் தள்ளியே முட்டிபோட்டு உட்கார்ந்தாள். “தாமரை, ஏதாவது சொல்லணுமா? வேணாம்னாலும் பரவால்ல.”

சொல்லட்டும் என்று நினைத்தாள் குமுதா. சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தாள்.

தாமரை எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பாமல், அங்கிருந்த அத்தனை அம்மாக்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஒன்னுமில்ல டீச்சர். அப்பா ஞாபகம் வந்துருச்சு.”

பக்கத்துப் பாயிலிருந்த பெண்மணி இரக்கத்தோடு குமுதாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு டீச்சர் சொன்ன எதுவும் குமுதாவின் காதில் விழவில்லை. வகுப்பு முடிந்து மகள் பாயைச் சுருட்டி எடுக்கும்வரை காத்திருந்தாள். ரயிலில் சொல்லிப் பார்த்தவற்றில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“அத்தை வீட்டுக்குப் போக கிராப் கார் போடவா, மா?” என்று மகளிடம் கேட்டாள்.

வகுப்பு முழுவதும் காதருகே ஏறி நின்ற தாமரையின் தோள்கள் அப்போதுதான் இறங்கின.