சக்களத்திப் பறவை

ஆட்டம் பாதியில் இருந்தபோது யோகா மைதானத்துக்குள் வந்தாள். முதலில் கண்ணில் பட்டது அந்தப் பறவைதான்.

கூக்கபரா என்கிற ஆஸ்திரேலியப் பறவையின் வேஷம். பெரிய அலகு, நீல இறகு, தொங்கும் வயிறு. பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரி அதன் அலகில் முத்தம் கொடுத்தாள்.

யோகாவுக்கு வயிறு எரிந்தது.

உள்ளே இருப்பது அவளுக்குத் தாலி கட்டிய மகாதேவன் அல்லவா. கிழமை நாட்களில் டண்டினொங் என்ற ஊரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுவான். ஞாயிறானால் பேஸ்போல் கழகத்தின் சின்னமான இந்தப் பறவையாகிவிடுவான். காசுக்கு இல்லை, ஆசைக்கு.

அந்தக் கழகத்தின் சரித்திரம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சக்களத்தியைப் பற்றி விசாரிக்காமல் யாரால் இருக்க முடியும்?

எண்பத்தொன்பதில் தொடங்கினார்கள். இரண்டாந்தர லீக், அதிலும் கடைசி இடம். மறு வருஷமும் கடைசி. தொண்ணூற்று மூன்றில் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவனின் தலைமயிரில் ஒரு நீல இறகு ஒட்டியிருந்தது. அவன் பிள்ளையைக் கொஞ்சினான், அவள் அந்த இறகையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அதற்குப் பிறகு வழக்கம்போலத் தோல்விதான். இப்போது லீக்கையே மூடுகிறார்கள். இன்று கடைசி ஆட்டம்.

தொலைகிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தாள். இந்தப் பத்து வருஷத்தில் ஒருநாளும் இந்தப் பக்கம் வந்ததில்லை. தானும் பின்னால் பஸ்ஸில் வருவதாகக் காலையில் அவள் சொன்னாள். மகாதேவன் வேஷப் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

வந்து பார்த்தால் எரிச்சல் கூடியது. இந்த மனுஷனுக்கு ஆடவும் தெரியுமா? கலியாண வீட்டில் அவளோடு நின்று படம் எடுக்கவே கூச்சப்படுகிறவன். சந்தைக்குப் போனால் எப்போதும் அவளுக்கு ஒரு கடை முன்னால் நடக்கிறவன். இங்கே என்னடாவென்றால் கண்டவர்களையெல்லாம் கட்டிப் பிடிக்கிறான்.

பறவை படியேறி, வரிசை வரிசையாக எல்லாரையும் அணைத்துக்கொண்டு வந்தது. யோகாவைக் கண்டதும் தயங்கியது. ஒதுங்கிப் போகப் பார்த்தது.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் உண்டு, எனக்கு மட்டும் இல்லையா?

எழுந்துபோய் இரண்டு கையாலும் அதை இறுக்கிக் கட்டிப் பிடித்தாள். சனம் கைதட்டியது. யோகா இறகுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

“வீட்டில ஒருநாளாவது என்னை இப்பிடிக் கட்டிப் பிடிச்சிருக்கிறீங்களே?”

கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

பறவை அசையாமல் நின்றது. பிறகு ஒரு சிறகை மெல்லத் தூக்கி அவள் தோளில் வைத்தது. பத்து வருஷக் கோபமும் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டதாக யோகாவுக்குத் தோன்றியது.

“யோகா! இஞ்சையே நிக்கிறாய்? உன்னை எங்கையெல்லாம் தேடுறது?”

திரும்பினாள். மகாதேவன் நின்றான். தீபாவளிக்கு எடுத்த சேர்ட் போட்டிருந்தான். இரண்டு கையிலும் சுடச்சுட சிப்ஸ்.

“நீ வாறன் எண்டு சொன்னனீயெல்லே. கடைசி ஆட்டத்தை உன்னோட இருந்து பாப்பம் எண்டு, பறவை உடுப்பைச் சிறியிட்டைக் குடுத்திட்டன்.”

சிறி அவனோடு கிடங்கில் வேலை செய்கிற இளந்தாரி. யோகாவை அக்கா என்று கூப்பிட்டு, அவள் கையால் எத்தனையோ தரம் சாப்பிட்டவன்.

யோகா கைகளை உதறி எடுத்தாள். பறவையோ பயத்தில் சிறகை எடுக்க மறந்து நின்றது.

இத்தனை வருஷமும் அந்த இறகுக்குள் இருந்து ஊரையெல்லாம் அணைத்தவன், அதன் சிறகு தன் மனைவியின் தோளில் கிடப்பதை இன்றுதான் வெளியே நின்று பார்த்தான். அவன் முகம் கறுத்தது.

“போதும் சிறி,” என்றான். “கையை எடு.”