தகரம் தெரியணும்

பெருங்களத்தூர் பட்டறையில் அந்த வேனை ஒரு சுற்று சுற்றிவந்தார் பெயின்டர் பாலகுரு.

"மேலாக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு அடிச்சா போதும்மா."

"வேணாண்ணா. பழைய பெயின்ட் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. தகரம் தெரியணும்" என்றாள் அஞ்சலி.

பக்கவாட்டில் இருந்த எழுத்துகளின் மேல் யாரோ அவசரமாக வெள்ளை அடித்திருந்தார்கள். பாலகுருவுக்குச் சந்தேகம் தட்டியது.

"இன்னாம்மா, திருட்டு வண்டியா? எனக்கு போலீஸ் பேஜாரெல்லாம் வேணாம்."

அவள் ஆர்.சி. புக்கை நீட்டினாள். எல்லாம் அவள் பெயரில் சரியாகவே இருந்தது.

"அப்புறம் இன்னாத்துக்கு எழுத்தை மறைச்சுக்கீற?"

அஞ்சலி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை சேலையூர்ல இந்த வேன்லதான் இட்லிக் கடை போடுறேன். வெளியே சொல்லிடாதீங்கண்ணா, இது அமரர் ஊர்தியா ஓடின வண்டி."

பாலகுரு கதவோரம் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளை போனது. கறுப்பு போனது. அதற்கும் அடியில் பளிச்சென்று மஞ்சள். அதில் பாதி அழிந்த ஒரு வாத்துப் படம்.

"இங்க பாரும்மா! பொணம் ஏத்துறதுக்கு முன்னாடி இது ஸ்கூல் வேனா இருந்துகீது" என்று சிரித்தவர், மறுபடி உப்புத்தாளை எடுத்தார்.

அஞ்சலி அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

"ஐயோ, அந்த வாத்தை மட்டும் விட்டுடுங்கண்ணா! யாராவது கேட்டா பழைய ஸ்கூல் வேன்னு காட்டுவேன். பொய் இல்லையே!"

"இல்லவே இல்ல" என்றார் பாலகுரு. "வெள்ளிக்கிழமை மொத ஈடு எனக்கு எடுத்து வை."