விரல்களைத் தளர்த்திய அரசன்

ஜன்னல் வெயில் மேசைமேல் கிடக்கும் காமிக்ஸ் பக்கத்தில் விழுகிறது. இரண்டு ஆண்களின் காதல் கதை. கொம்பு முளைத்த அரசன், தான் சிறைபிடித்த வீரனின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருக்கிறான். படம் வரையும் அண்ணி, வண்ணம் தீட்டும் நாத்தனாரின் கையை அதேபோலப் பிடித்துக் காட்டுகிறாள்.

"படிக்கிறவங்க இதுக்குத்தான் உருகுறாங்க."

"நானும் உருகுறவதான் அண்ணி. ஆனா வீரன் நெனச்சா கைய எடுக்க முடியணும்ல?"

அண்ணி விடுகிறாள். நாத்தனாரின் மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருக்கிறது. அண்ணியின் ரப்பர், படத்தில் அரசனின் விரல்களை ஒவ்வொன்றாக அழிக்க, அங்கே அவள் பென்சிலில் விரிந்த உள்ளங்கை ஒன்று வருகிறது. வீரனின் கை அதன்மேல் சும்மா கிடக்கிறது, எடுக்கலாம், எடுக்கவில்லை.

"இப்பத்தான் நெஞ்சு படபடங்குது," என்கிற நாத்தனார், தூரிகையில் வெட்கத்தின் சிவப்பைத் தொட்டு அரசனின் காது நுனியில் வைக்கிறாள்.