ஏழு கிலோவுக்குள்

ஏழு கிலோ எழுநூறு.

மேகலா பையைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் கணவன் ஸ்டூலில் வலது காலை நீட்டி உட்கார்ந்தபடி எண்ணைப் படித்துச் சொன்னான். விமானத்தில் கையோடு கொண்டுபோக ஏழு கிலோதான்.

அவள் எல்லாவற்றையும் மெத்தையில் கொட்டினாள்.

மறுபடியும் முதலிலிருந்து.

நியாயமாகப் பார்த்தால் இது அவன் பயணம். ஐந்து வருடமாக வீட்டில் இதைப் பற்றிப் பேசியது அவன் மட்டும்தான். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கடைசியாக போர்னியோ காடு. நான்கு மாதம். ஆளுக்கொரு முதுகுப்பை, இரண்டு பேர். இந்த வயதில் எதற்கு இந்த மூட்டை தூக்கும் வேலை என்று அவள் கேலி செய்வாள்.

ஆறு வாரத்துக்கு முன் மாடிப்படியில் அவன் முட்டி பிசகியது. தசைநார் கிழிந்துவிட்டதாம். ஆறு மாதத்துக்கு மலையும் கிடையாது, மூட்டையும் கிடையாது என்றார் டாக்டர்.

அவள் இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்வாள் என்று நினைத்தான்.

ஒன்றைத்தான் செய்தாள்.

அவனும் பெரிய மனுஷன் மாதிரி, போய்விட்டு வா என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியல் அவன் கைப்பட எழுதியது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊர்களுக்கு ஜீன்ஸ் ஆகாது. டி-ஷர்ட் மூன்று போதும். சோப்பைப் பாதியாக வெட்டவும். நனைந்தால் ராத்திரிக்குள் காயாத எதையும் எடுக்க வேண்டாம். நகை வேண்டாம்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். புத்தகம் வெளியே வந்தது. குடை வெளியே வந்தது. அவன் அத்தனை சொல்லியும் கேட்காமல் வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாயை இப்போது அவளே எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். பல் பிரஷ்ஷின் கைப்பிடியை மளுக்கென்று பாதியில் உடைத்தாள். அதை அவன் வீடியோவில் பார்த்ததோடு சரி. செய்யத் துணிந்ததில்லை.

பையைத் தூக்கிப் பிடித்தாள்.

ஆறு கிலோ தொள்ளாயிரம் என்றான்.

முடிந்தது என்று நினைத்தான்.

அவள் பட்டியலின் முன்னால் போய் நின்று மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். கடைசி வரியில் விரல் நின்றது. பிறகு தலையைக் குனிந்து தாலிக்கொடியைக் கழற்றினாள்.

எட்டு பவுன். இருபத்தாறு வருடத்தில் அது அவள் கழுத்தில் இல்லாமல் அவன் பார்த்ததில்லை.

நகை என்று எழுதும்போது வளையலும் தோடும்தான் அவன் மனதில் இருந்தன. தாலியைப் போய் யாராவது நகையோடு சேர்ப்பார்களா?

எல்லோரும் செய்வதுதானே, ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொள்ளேன் என்றான். சாதாரணமாகச் சொல்லப் பார்த்தான்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அங்க பெய்யற மழைக்குக் கயிறு ராத்திரிக்குள்ள காயாதுங்க. நீங்கதான எழுதியிருக்கீங்க."

கொடியை அவன் உள்ளங்கையில் வைத்து, லாக்கரில் வைத்துவிடச் சொன்னாள். அதில் அவள் உடம்புச் சூடு இருந்தது.

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வருவாயா என்று எந்தப் புருஷன் எந்த வாயால் கேட்பான்?

அவள் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் ஒரு சுற்று சுற்றினாள். வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அப்பாடா, எவ்வளவு லேசாக இருக்கிறது என்றாள்.

அவன் கொடியோடு உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

விடியற்காலை டாக்ஸி வந்தது. லிஃப்ட் வரை நொண்டிக்கொண்டு போனான். அதற்கு மேல் வரவேண்டாம் என்றாள்.

எட்டு மணிக்கு வேலைக்கு வந்த கன்னியம்மா துடைப்பத்தை எடுத்தாள். இன்றைக்குக் கூட்ட வேண்டாம் என்றான்.

ஊருக்குப் போனவர் போய் இறங்கும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. பிணம் எடுத்த வீட்டைத்தான் கையோடு கூட்டிக் கழுவுவார்கள். கன்னியம்மாவுக்கு இது தெரியும். சாருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பதும் தெரியும். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

மறுநாளும் வேண்டாம் என்றான்.

அதற்கு மறுநாளும்.

போனில் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு படகு. பெயர் தெரியாத ஓர் ஆறு. எல்லாப் படத்திலும் அவள் தொப்பலாக நனைந்திருந்தாள். எல்லாவற்றிலும் சிரித்தாள். எப்போது வருகிறாய் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தான்.

இரண்டு வாரம் ஆனது. சாப்பாட்டு மேஜைக்குக் கீழே எறும்பு வரிசை கட்டியிருந்தது. நடந்தால் காலில் மண் நெறுநெறுத்தது. கன்னியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தோடு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"அம்மாதான் அன்னிக்கே போய் எறங்கிட்டாங்களே சார். கூட்டிடட்டுமா?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"வேணாம்மா. இன்னும் போய்க்கிட்டேதான் இருக்கா."